எந்தப் பேரில் பெறுவது

பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு இருந்தார், மேசைக்குப் பின்னால். அத்தான் இருந்தார், மேசைக்கு முன்னால், கால்மேல் கால் போட்டு. அக்கா இருந்தா, கைப்பையை மடியில் வைத்து. அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். அத்தான் அவவின் புருஷன். என் புருஷனும் இருந்தார். எட்டு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருடைய முகத்தைக் கண்டேன். அவரை வவுனியாவிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த வான்காரர் இருந்தார், சாட்சிக்கு. பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்காரர் இருந்தார், அவரும் சாட்சிக்கு. கடையில் ஆள் இல்லை என்று அவர் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். நான் நின்றேன். அங்கே ஆறு கதிரைதான் கிடந்தது.

அன்றைக்கு எழுதினது என்னுடைய வயிற்றை.

அத்தானுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு. மூன்று தலைமுறையாய்த் தெற்கில் கடை. ஊரில் பெரிய வீடு, வருசத்தில் பத்து மாதம் பூட்டு. கலியாணம் கட்டிப் பதினாலு வருசம், பிள்ளை இல்லை. அக்காவின் வயிற்றில் கரு தங்காது என்று கொழும்பு டொக்டர் சொல்லிப்போட்டார். வேறொருத்தியின் வயிற்றில் வைத்து வளர்க்கலாம் என்றும் அவரே சொன்னார். அந்த வேறொருத்தி நான். நான் ஒரு பெட்டைப்பிள்ளையை நாலு மணித்தியாலத்தில் பெற்றவள். அதுதான் என்னுடைய தகுதி.

எனக்கு என்ன என்றால், சரவணைக் கிராமத்தில் அத்தானுக்கு நாலு பரப்புக் காணி கிடந்தது, கிணற்றோடு. அதை என் பேருக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். நான் இருக்கிறது பிறத்தியார் காணியில், கொட்டிலில். நண்டுக் கொம்பனியில் நண்டுச் சதை எடுக்கிற வேலை. மகளுக்குப் பதினைந்து வயது. நாலு பரப்பு எனக்குப் பெரிய காரியம். ஓம் என்றேன். இரக்கத்தில் செய்தேன் என்று எழுதினால் பொய்.

கொழும்பில் ஒரு சட்டத்தரணி அவர்களுக்கு வடிவாய்ச் சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இல்லை, செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை, நீங்கள் எழுதுகிற ஒப்பந்தம் கடதாசிக்குக் கூடப் பெறுமதி இல்லை என்று. அத்தான் அதைக் கேட்டுப்போட்டு நேரே ஊருக்கு வந்தார்.

"கொழும்பிலை இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? உறுதி முடிச்சா முடிச்சதுதான்" என்றார்.

எங்கள் ஆட்கள் அப்படி. கடவுளுக்குப் பயமில்லை, பொலிசுக்குப் பயமில்லை, உறுதிப் பத்திரத்துக்குப் பயம். சீதனத்துக்கு உறுதி, கிணற்றுப் பங்குக்கு உறுதி, வேலியில் நிற்கிற பூவரசுக்கும் உறுதி. முத்திரை குத்தி நொத்தாரிசு கையெழுத்து வைத்தால் சூரியனும் மேற்கே உதிக்கும் என்று நினைப்பு. அத்தானுடைய அப்பாவின் காணியெல்லாம் எழுதின நொத்தாரிசு அவர். வயிற்றையும் அவரே எழுதட்டும் என்று கொண்டுவந்தார்கள்.

நொத்தாரிசு வாசித்தார். முதலில் காணி. வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் வளவு. பிறகு நான். இரண்டாம் பகுதியாராகிய பெண் தன் சுயவிருப்பத்துடன் தனது கர்ப்பப்பையைப் பத்துமாத காலத்துக்கு முதலாம் பகுதியாரிடம் ஒப்படைத்து, அதில் விளையும் பிள்ளை மீது தானோ தன் உரித்தாளரோ எவ்வித பாத்தியதையும் கோராமல். அவ்விடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஒற்றியெண்டு போடுறதோ, குத்தகையெண்டு போடுறதோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான். ஒற்றியெண்டா மீட்கிற கதை வரும். குத்தகையெண்டு போட்டிருக்கிறன்."

"குத்தகைதான் சரி ஐயா" என்றார் அத்தான். "பேந்து ஆட்சி கேட்டு வரக்கூடாது."

தேத்தண்ணிக்கடைக்காரர் கேட்டார். "ஐயா, காணிக்கு நாலெல்லை போட்டியள். இதுக்கு எல்லை என்னெண்டு போடுறது?"

வான்காரர் சிரித்துப்போட்டார். நொத்தாரிசுக்குக் கோபம். "நீர் சாட்சி. சாட்சி கேள்வி கேக்கிறேல்லை."

பிறகு என் புருஷனைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டின பெண் தன் ஆதனத்தைப் புருஷனுடைய சம்மதம் இல்லாமல் எழுதேலாதாம். அதற்காகத்தான் அவரைத் தேடிப் பிடித்து, வான் பிடித்துக் கொண்டுவந்தது.

"வயிறு ஆதனமோ ஐயா?" என்று கேட்டேன்.

"உமக்கு உது விளங்காது பிள்ளை."

விளங்கவில்லைதான். எட்டு வருசத்துக்கு முன்னம் வேறொருத்தியோடு போனவர். நான் பட்டினி கிடந்ததற்கு அவருடைய சம்மதம் ஒருத்தரும் கேட்கவில்லை.

அவர் மேசைக்குக் கிட்டப் போய், "எங்கை வைக்கிறது?" என்றார். கையெழுத்தை. காட்டின மூன்று இடத்திலும் வைத்தார். ஏன், எதற்கு, இவளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு சொல் இல்லை. வெளியில் வந்து என்னிடம், "பிள்ளை படிக்கிறாளோ?" என்றார்.

"ஓம்."

"எத்தினையாம் வகுப்பு?"

பதிலுக்கு நிற்கவில்லை. வான் வெளிக்கிட்டது.

அடுத்த மாதம் கொழும்பில் கிளினிக். அங்கேயும் ஒரு கட்டுக் கடதாசி, எல்லாம் இங்கிலீசு. நான் எட்டாம் வகுப்பு. தமிழ் தெரிந்த நேர்ஸ் மிஸி ஒருத்தி நின்றா, மலையகத்துப் பிள்ளை. வாசித்துச் சொல்லுங்கோ என்றேன்.

"உது எல்லா இடமும் போடுறதுதான்" என்றார் அத்தான். "கையெழுத்தை வையும்."

"வாசிக்கட்டும்."

அவ ஒவ்வொரு வரியாய் விரல் வைத்துச் சொன்னா. நாலாம் பக்கத்தில், கருமுட்டை வேறொரு பெண் தானமாய்க் கொடுத்தது, அவளுடைய பேர் ஒருவருக்கும் சொல்லப்படாது, அவள் பிள்ளையைக் கேட்டு வரமாட்டாள் என்று கிடந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரில் கிடந்த கலண்டரைப் பார்த்தா. அதுவரைக்கும் அவ எனக்குச் சொன்னது, "முட்டை என்ரை, விதை அவற்றை, வயிறு மட்டும்தான் உன்ரை" என்று. இருபது தரம் சொல்லியிருப்பா. நான் கேட்காமலே சொன்னவ.

ஆரோ ஒரு பெட்டை. அவளும் இதே மேசையில் கையெழுத்து வைத்திருப்பாள். அவளுக்கு ஆரும் வாசித்துச் சொன்னார்களோ தெரியாது.

நான் பேனையை எடுத்துக் கையெழுத்தை வைத்தேன். கரு தங்கினது.

ஊரில் மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. நண்டுக் கொம்பனியில் மேசைக்கு எட்டுப் பேர் சுற்றி இருந்து ஓடு உடைக்கிறது. எனக்கு நண்டு மணம் பிடிக்காமல் போச்சு. இரண்டு தரம் எழும்பி ஓடினேன். மூன்றாம் தரம் ஒருத்தி கேட்டாள்.

"எடியே, எட்டு வருசம் கழிச்சு அவர் தபாலிலையோ அனுப்பினவர்?"

"ஓம். ரெஜிஸ்டர் தபாலிலை" என்றேன்.

மேசை முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு என் முகத்துக்கு நேரே ஒருத்தரும் கேட்கவில்லை. பின்னால் கதைத்திருப்பார்கள். பின்னால் எனக்குக் காது இல்லை.

மிட்வைஃப் தானே வந்தா, ஸ்கூட்டியில். எங்கள் பக்கம் ஒருத்தி வாந்தி எடுத்தால் அவவுக்கு மணக்கும். கொழும்பில் டொக்டர் பார்க்கிறது என்று அத்தான் சொல்லச் சொன்னவர். நான் உள்ளதைச் சொன்னேன். அவ புத்தகத்தை மடியில் விரித்துப் பக்கம் பக்கமாய்ப் புரட்டினா.

"உதுக்கு இதிலை கட்டம் இல்லையே."

"இல்லாட்டி விடுங்கோ."

"விடேலாது. உங்கடை வயித்திலை இருக்கு. நீங்கள் என்ரை பிரிவு." என் பேரை எழுதினா. ஊர், வயது, அடையாள அட்டை நம்பர். கர்ப்பவதிக் காட் ஒன்று போட்டுத் தந்தா. மாதாமாதம் வந்தா. திரிபோசாச் சத்துமா தந்தா. நிறை பார்த்தா. இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காய்ச் செய்த ஆள் என்றால் அவதான்.

அத்தானும் அக்காவும் நொத்தாரிசை நினைத்தார்கள், புருஷனை நினைத்தார்கள், சாட்சிக்குத் தேத்தண்ணிக்கடைக்காரரையும் நினைத்தார்கள். மிட்வைஃப்பை நினைக்கவில்லை. பிள்ளை பெறாத ஆட்கள். அப்படி ஒருத்தி வீட்டுக்கு வருவாள் என்று தெரியாது.

அக்கா கிழமைக்கு ஒருக்கால் போனில் முகம் பார்த்துக் கதைப்பா.

"இப்ப உனக்கு எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"சுத்தளவு."

நூல் பிடித்து அளந்து சொன்னேன். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அவ மெத்தை தைக்கிற ஆளிடம் கொடுத்து வயிறு தைப்பித்திருக்கிறா. பஞ்சு வயிறு. ஐந்தாம் மாதத்துக்கு ஒன்று, ஏழாம் மாதத்துக்கு ஒன்று. அதைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் இருந்திருக்கிறா, கோயிலுக்குப் போயிருக்கிறா. அங்கே உள்ள சனம் மாங்காய் கொண்டுவந்து கொடுத்ததாம். எனக்குப் படம் அனுப்பினா. நான் அந்த நேரம் நின்றபடி நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாரி நோகுது" என்றா ஒருநாள், முதுகுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

பஞ்சுக்கு நாரி நோவு. நான் போனை வைத்தேன்.

எட்டாம் மாதம் முடிய, புங்குடுதீவு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அவர்கள் தெற்கிலிருந்து வந்து நின்றார்கள். பஸ்ஸில் போனேன். பாலத்தில் காற்று, பஸ் ஒரு பக்கம் சரிந்தபடி போச்சு. வீட்டில் கூட்டித் துடைக்க ஒரு மனிசி நின்றா, அதனால் அக்கா வீட்டுக்குள்ளேயும் பஞ்சைக் கட்டிக்கொண்டு இருந்தா. நானும் வயிறு, அவவும் வயிறு. அவவுடையது என்னுடையதிலும் வடிவு.

அத்தான் மேசையில் ஒரு அட்டையை வைத்தார். அக்காவின் அடையாள அட்டை.

"கொழும்பிலை தனியார் ஆஸ்பத்திரி ஒண்டிலை அறை போட்டாச்சு" என்றார். "அடுத்த கிழமை நீர் வாரும். போகேக்கை இதைக் கொண்டு போம்."

"இது அக்காவின்ரை."

"ஓம். அந்தப் பேரிலைதான் அறை. படம் பழசு. உமக்கும் அவவுக்கும் ஒரே சாடைதானே. பேர் கேட்டா இதைச் சொல்லும். வயசு கேட்டா முப்பத்தொன்பது. அவ்வளவு காணும்."

"ஏன்?"

"ஏனெண்டா பெறுகிறவளின்ரை பேர்தான் தாய் எண்டு விழும். ஆற்றை வயித்திலை இருந்து எடுத்ததோ அவதான் தாய். அதுதானாம் சட்டம்." இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் இல்லை, சட்டத்தின் மேல் கோபம்தான். "எல்லாரும் உப்பிடித்தான் செய்யினம்."

"உறுதி முடிச்சனீங்கள்தானே. அதைக் காட்டுங்கோவன்."

அக்கா அத்தானைப் பார்த்தா. அத்தான் அட்டையைத் திருப்பி வைத்தார்.

"உறுதி காணிக் கந்தோருக்கு. ஆஸ்பத்திரிக்காரர் உதைப் பாக்கமாட்டினம்."

அன்றைக்கு ஏழு பேர், ஆறு கதிரை, மூன்று கையெழுத்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்ட நொத்தாரிசு. அவ்வளவும் இவ்வளவுதான்.

"நான் செத்தா?" என்று கேட்டேன்.

"என்ன?"

"பெறேக்கை நான் செத்தா, ஆர் செத்தது?"

"ஐயோ, உதென்ன மூதேவிக் கதை" என்றா அக்கா. "நல்ல காரியம் கதைக்கேக்கை."

"சொல்லுங்கோ. ஆற்றை பேரிலை பிரேதம் தருவினம்?"

"அப்பிடி ஒண்டும் நடவாது" என்றார் அத்தான். "பெரிய டொக்டர்."

"நடந்தா அக்கா செத்ததெண்டு எழுதுவினம். அக்கா உங்கை கதிரையிலை இருப்பா. நான் மண்ணுக்குள்ளை கிடப்பன், ஆனா சாகேல்லை. என்ரை பெட்டை ஆரிட்டைப் போய் என்ன துண்டு கேக்கிறது? தாய் எங்கை எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

என் சீவியத்தில் ஒரே மூச்சில் நான் கதைத்த ஆகக் கூடின கதை அது. அதற்குக் காரணம் இருந்தது. என் தமையன் சண்டைக் காலத்தில் ஒருநாள் போனவன், போனதுதான். செத்தான் என்று ஒரு துண்டுக் கடதாசி இல்லை, இருக்கிறான் என்று ஒரு துண்டு இல்லை. அந்தத் துண்டுக்காக அம்மா ஏறாத கந்தோர்ப் படி இல்லை. ஏறி ஏறியே செத்தா. அவ செத்ததற்குத் துண்டு இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஒன்றுதான் ஒழுங்காய் நடந்தது.

அதை அத்தானுக்குச் சொல்லவில்லை. அவர் அந்தக் காலத்தில் தெற்கில் கடையில் இருந்தவர்.

"அப்ப என்ன சொல்லுறீர்?" என்றார்.

"என்ரை பேரிலைதான் பெறுவன். எங்கை எண்டாலும்."

"அப்ப காணியை மறந்திடும்."

"சரி."

அவர் அந்தச் சொல்லை எதிர்பார்க்கவில்லை. "சரியெண்டா?"

"சரியெண்டா சரி."

"பிள்ளையை? தரமாட்டீரோ?"

"உங்கடை பிள்ளை. எனக்கென்னத்துக்கு? பெத்துத் தாறன். பேரைத் தரமாட்டன்."

அக்கா அழத் தொடங்கினா. அழ அழப் பஞ்சு ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கண்ணைத் துடைத்தா. கூட்டுகிற மனிசி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தா. வயிறு சரிகிற பிள்ளைத்தாய்ச்சியை அவ முன்னம் கண்டிருக்கமாட்டா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வான் தரவில்லை. பஸ் வர ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

பத்து நாளில் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. மிட்வைஃப் அம்புலன்ஸ் எடுப்பித்தா. பட்டணத்து அரசாங்க ஆஸ்பத்திரி. வாசலில் எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல், "பேர்?" என்றார்.

சொன்னேன். அப்பாவின் பேரும் சொன்னேன். ஊர் சொன்னேன். அவர் கேட்காததையும் சொன்னேன். "காணும் அம்மா, காணும்" என்றார்.

ஆறு மணித்தியாலம். ஆண்பிள்ளை. அழுதது. துடைத்துத் தந்தார்கள். பசித்தது, பால் கொடுத்தேன். முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் சாடை ஒன்றும் இல்லை. முட்டை தந்த அந்தப் பெட்டை வடிவாய் இருப்பாள் போல.

மூன்றாம் நாள் அத்தானும் அக்காவும் வந்தார்கள். அக்காவுக்கு வயிறு இல்லை. கழற்றி வைத்துப்போட்டா; பிள்ளை பெற ஊருக்குப் போகிறேன் என்று தெற்கில் முன்னமே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறா. பதிவாளரிடம் மூன்று பேரும் போனோம், பிள்ளையோடு.

பதிவாளர் மிட்வைஃப் தந்த காட்டைப் பார்த்தார், ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தார். தாய், நான். அதில் அவருக்குக் கதை இல்லை.

"கலியாணம் எழுதினதோ?"

"ஓம்."

"பிரிவு எடுத்ததோ? தீர்ப்புக் கீர்ப்பு?"

"இல்லை. அவர் போனவர். எடுக்கேல்லை."

"அப்ப சட்டப்படி புருஷன்தான் தகப்பன். அவற்றை முழுப்பேர்?"

அத்தான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ஐயா, நில்லுங்கோ. நான்தான் தகப்பன்."

பதிவாளர் என்னைப் பார்த்தார். "இவர் ஆர்?"

"அக்காவின்ரை புருஷன்."

"அக்கா?"

"இவ."

அவர் பேனையை மூடி வைத்தார். "பிள்ளையள், உங்கடை குடும்பப் பிரச்சினையை வெளியிலை கதைச்சு முடிச்சிட்டு வாங்கோ."

அத்தான் விளங்கப்படுத்தப் போனார். கிளினிக், குழாய், டொக்டர். அவர் கதைக்கக் கதைக்கக் கதை கேவலமாய்ப் போச்சு. பின்னால் வரிசையில் நின்ற சனம் கிட்ட வந்து கேட்டது. கடைசியில் பதிவாளர் சட்டம் என்னவோ அதை எழுதினார். வவுனியாவில் இருக்கிற மனுசன், பெற்ற பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று தெரியாதவர், அத்தானுடைய மகனுக்குத் தகப்பன் ஆனார். கையெழுத்து வைக்கிறது எங்கை என்று கூடக் கேட்கவேண்டி வரவில்லை.

பிறகுதான் சட்டம் தெரிந்த உண்மையான அப்புக்காத்து ஒருவரிடம் போனார்கள், யாழ்ப்பாணத்தில், என்னையும் கூட்டிக்கொண்டு. அத்தான் உறுதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். முத்திரையைத் தடவி விட்டார். அப்புக்காத்து வாசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உதை வேறை ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"இல்லை. இனித்தான் பதியவேணும்."

"பிள்ளைக்குப் பதிலாய் ஏதும் குடுக்கிறதும் வாங்கிறதும் குற்றம். இதிலை எல்லைபோட்டு, சாட்சி போட்டு, நீங்களே எழுதி வைச்சிருக்கிறியள். உதைக் கண்டா உங்களை உள்ளை தள்ளிறதுக்குப் பொலிஸ் வேறை ஒண்டும் தேடத் தேவையில்லை."

அத்தான் முத்திரையிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் அப்புக்காத்து. "ஒண்டு, மரபணுச் சோதனை. தகப்பன் நீங்கள், தாய் இவ எண்டு வந்தா, அதை வைச்சுக் கோட்டிலை கேட்டுப் பாக்கலாம். கஷ்டம், ஆனா கேக்கலாம். செய்வமோ?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினா. அப்புக்காத்து மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முட்டைக் கதை என் வாய் நுனியில் நின்றது. சொல்லவில்லை. சொன்னால் அக்கா அந்தக் கதிரையிலேயே உடைந்துபோவா, அதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்காகவே சொல்லவில்லை.

"விளங்குது" என்றார் அப்புக்காத்து. "அப்ப மற்ற வழி. பெத்த தாய் குடுத்து, நீங்கள் தத்தெடுக்கிறது. கோட்டிலை. ஒழுங்காய்."

தன் புருஷனுடைய பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும் அக்கா. தன்னுடைய பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும் அத்தான். இரண்டு பேரும் என்னிடமிருந்து.

அப்புக்காத்து என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏதும் வாங்கினனீங்களோ?"

"இல்லை."

"பேந்து வாங்கிற நினைப்பு இருக்கோ? கோட்டிலை கேப்பினம். சத்தியம் பண்ணவேணும்."

"இல்லை."

அத்தான் உறுதியை எடுத்து இரண்டாய்க் கிழித்தார், நாலாய்க் கிழித்தார். துண்டுகளை அங்கே எறியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாலு பரப்பும் கிணறும் அந்தப் பைக்குள் போனதை நான் பார்த்தேன்.

காணி போனதை மகளுக்குச் சொன்னேன். அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்.

வழக்கு ஒன்றரை வருசம் இழுத்தது. பிள்ளை அவர்களோடு. நன்னடத்தை உத்தியோகத்தர் அவர்களுடைய வீட்டுக்கும் போனார், என் கொட்டிலுக்கும் வந்தார். கொட்டிலைப் பார்த்துப்போட்டு, "காசு கீசு தந்தவையோ?" என்றார். "கூரையைப் பாருங்கோ" என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

பெற்ற தாயின் சம்மதம் வேண்டும், சட்டப்படியான தகப்பனின் சம்மதமும் வேண்டும். அந்தத் தகப்பனைப் பிடிக்கிறதுதான் பாடு. ஒரு தவணைக்கு உடம்பு வருத்தம் என்றார். ஒரு தவணைக்குப் பஸ் இல்லை என்றார். இரண்டு தவணைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் வந்தார், புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு. அத்தான் அவரைக் கோட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியும்.

நீதிபதி என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"இந்தப் பிள்ளையைப் பெற்றது நீங்களா?"

"ஓம்."

"சுய விருப்பத்தோடு கொடுக்கிறீங்களா?"

"ஓம்."

"இதற்காக ஏதாவது பெற்றுக்கொண்டீங்களா?"

"இல்லை."

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றா. பிள்ளை அவவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. எனக்குப் பக்கம் திரும்பவில்லை. அதற்கு என்னைத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. கட்டளை போட்டார்கள். இனிப் பத்திரத்தில் அக்காதான் தாய்.

வெளியில் அத்தான் கிட்ட வந்தார். "காணி விஷயம் பேந்து ஆறுதலாய்ப் பாப்பம்" என்றார், மெதுவாய்.

"வேண்டாம். உள்ளுக்குள்ளை இல்லையெண்டு சத்தியம் பண்ணினனான்."

அவர் சிரித்தார். சத்தியத்தைப் பெரிய விலைக்கு எடுத்த ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு வானில் ஏறினார்கள். காணி இன்றைக்கும் அவருடைய பேரில் கிடக்கிறது, பற்றை பிடித்துப்போய். நான் கேட்டதில்லை. கேட்டால் அது விலை ஆகிவிடும்.

நான் ஒரு தவணை விடாமல் போனனான். விடிய முதல் பஸ். கொம்பனியில் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. கோட்டு வாசலில் ஒருவர் நின்று கூப்பிடுவார், தெருவுக்குக் கேட்கிற மாதிரி. என் முழுப்பேர், அப்பாவின் பேர், ஊர். பிழை விடாமல். நான் ஓம் என்று சொல்லி உள்ளே போவேன். அவர்கள் என்னை வேறொருத்தி என்று சொல்லச் சொன்னவர்கள், பின்வரிசை வாங்கில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். எத்தனை தரம் கூப்பிட்டார்கள் என்று எண்ணி வைத்தனான்.

பதின்மூன்று.